காதக்காவின் நாலாவது குழி

சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் குடிநீர் அலுவலகத்துக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், வாசலில் நிற்கும் காவலாளி, "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று கையை விரித்துவிடுவார். காதக்கா என்று கேளுங்கள், நேராகக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்.

இருபத்திரண்டு வருஷமாக அவளுடைய வேலை, தரைக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்களை ஒட்டுக் கேட்பது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதற்குத்தான் சம்பளம். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. அதன் மேல் முனையில் மரத்தில் கடைந்த சின்னக் கிண்ணம். கம்பியைத் தரையிலோ வால்வின் மேலோ ஊன்றி, கிண்ணத்தில் காதை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கீழே எங்காவது குழாய் உடைந்திருந்தால், தண்ணீர் சீறுகிற சத்தம் கம்பி வழியாக ஏறி வரும். வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டால் ஒன்றும் கேட்காது என்பதால் விடிகிற நேரத்தில்தான் இந்த வேலை நடக்கும். காதக்கா தெருத்தெருவாகக் கம்பியை ஊன்றிக் கேட்டுக்கொண்டே போவாள். சத்தம் உச்சத்துக்கு வருகிற இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். அவ்வளவுதான், அங்கே தோண்டினால் தண்ணீர்.

குழி வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி ஒருவர் உண்டு. அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "இன்ஜினியர் கையெழுத்துப் போட்டாலும் என் கடப்பாரை எழுந்திரிக்காது. தங்கச்சி பெருக்கல் போட்டாத்தான் எழுந்திரிக்கும்" என்பது அவர் எல்லோரிடமும் அடிக்கிற பெருமை. காதக்காவுக்கும் அதில் உச்சி குளிர்ந்துபோகும். ஏன் குளிராது? இருபத்திரண்டு வருஷத்தில் அவள் போட்ட பெருக்கலில் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை.

அப்படிப்பட்டவள்தான் ஒருநாள், மூன்றே நாளுக்கு முன் போட்ட புத்தம்புதுத் தார் ரோட்டில் பெருக்கல் குறி போட்டாள்.

அன்றைக்குக் கம்பியை வைத்த இடமெல்லாம் ஒரு மெல்லிய சீறல் கேட்டது. இந்த வால்வில் கேட்டால் அதே சீறல், அடுத்த வால்வில் கேட்டாலும் அதே சீறல். பெரிய உடைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு வால்வுக்கும் நடுவில் தோண்டச் சொல்லிவிட்டாள். மேஸ்திரிகூடத் தயங்கினார். "தங்கச்சி, ரோடு இன்னும் சூடே ஆறலையே. ரோட்டு ஆபீஸ்காரன் நம்மள உசுரோட விடுவானா?" என்றார். "நான் சொல்றேன்ல, தோண்டுங்கண்ணே" என்றாள் அவள்.

ஆறடி தோண்டினார்கள். குழாய் தெரிந்தது. மழமழவென்று, ஒரு கீறல் இல்லாமல், நேற்றுத்தான் கடையில் வாங்கி வைத்தது போல இருந்தது. மண்ணோ பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இல்லண்ணே, கேக்குதே. கொஞ்சம் எல்லாரும் சும்மா இருங்க" என்று காதக்கா குழிக்குள் இறங்கினாள். ஆறு ஆட்கள் குழியைச் சுற்றிக் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே நீட்டினார்கள். மூச்சுக்கூட விடவில்லை பாவம். "ஸ்ஸ்ஸ்னு கேக்குது பாருங்க, இப்பக்கூடக் கேக்குது" என்றாள். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் மேலே ஏறி, பக்கத்துச் சந்துக்குள் தனியாக நடந்து போனாள். சத்தம் கூடவே வந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். சத்தம் இன்னும் பெரிதானது. அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. கசிவு ரோட்டில் இல்லை, அவள் காதுக்குள் இருந்தது.

அந்தச் சந்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. திரும்பி வந்தபோது ரோட்டு ஆபீஸ்காரர் மேஸ்திரியை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு, பெருக்கலைத் தானே தவறான இடத்தில் பார்த்துவிட்டதாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். காதக்கா குறுக்கே போய், "அவர் மேல தப்பில்ல. குறி போட்டது நான்" என்று சொல்லிவிட்டாள். அவளால் அதைத்தான் செய்ய முடிந்தது.

அலுவலகத்தில் புதிதாக வந்திருந்த இன்ஜினியர் சின்ன வயசுக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எதற்கும் ஒரு தாள் வேண்டும் அவருக்கு, தாளில் இருந்தால் தெய்வம் சொன்ன மாதிரி. "காது சரியாகிற வரைக்கும் நீங்க புகார் கவுண்டர்ல இருங்க. வெளி வேலைக்கு மெஷின் வாங்க ஏற்கனவே எழுதிப் போட்டாச்சு" என்றார். காது சரியாகிற வரைக்கும் என்று அவர் சொன்ன அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சரியாகிவிட்டால் கம்பி திரும்பக் கைக்கு வரும். அதனால் எப்படியாவது சரியாக வேண்டும்.

கவுண்டரில் என்ன வேலை? காலையிலிருந்து சாயங்காலம் வரை போன். "எங்க வீட்ல தண்ணி வரல", "எங்க வீட்ல தண்ணி நிக்கல", "போன வாரம் சொன்னேனே என்ன ஆச்சு?" இவள் காதுக்கு வெளியே ஊர்க்காரர்கள் கத்துவார்கள், உள்ளே அந்தச் சீறல் ஓயாமல் ஓடும். ஊர்க்காரர்கள் போனையாவது வைத்துவிடலாம். இதை எங்கே வைப்பது?

வீட்டுக்குப் போனால் இன்னும் மோசம். வீடு அமைதியாக இருந்தது, அதுதான் கொடுமை. சுற்றிலும் சத்தம் அடங்க அடங்கக் காதுக்குள் இருப்பது தலையைத் தூக்கும். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டுதான் அவளால் படுக்க முடிந்தது. அவள் கணவர் குளிரில் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, பல் கிட்டித்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிடப்பார்.

கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருந்தார். இஸ்திரி போடுகிறவருக்குக் கைதான் வேலை செய்யும், வாயும் காதும் சும்மா இருக்கும். ஆக, சட்டை கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் மனைவியின் காதைப் பற்றிச் சொல்லிவிடுவார். சட்டை கொண்டுவந்தவர் சும்மா போவாரா? ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுத்தான் போவார். சாயங்காலம் துணி மூட்டையோடு வைத்தியமும் வீட்டுக்கு வரும்.

"இங்க பாரு, அந்த வக்கீல் சொன்னாரு, ஆவி பிடிச்சா ஒரே வாரத்துல போயிடுமாம்."

ஆவி பிடித்தாள். முகம் சிவந்தது, சத்தம் போகவில்லை.

"ஏம்மா, அந்த டிரைவரோட மச்சினிக்கு இப்படித்தான் இருந்துச்சாம். காதுக்குப் பின்னாடி காந்தம் ஒட்டினாளாம்."

காந்தம் ஒட்டினாள். அதைச் சமையலறையில் கழற்றி வைக்க, அதில் கரண்டி ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். சொட்டு மருந்து, மாத்திரை, கழுத்துக்குப் பயிற்சி, முப்பது நாளில் குணம் என்று விளம்பரம் போட்ட ஒரு டப்பா, எல்லாம் பார்த்தாயிற்று. முப்பத்தோராவது நாள் அந்த டப்பாவைத் தூக்கிக் குப்பையில் எறிந்தாள். கணவர் மெல்ல அதை எடுத்து, "கடையில ஊசி, பட்டன் போட்டு வச்சுக்கலாம்" என்றார். அவளுக்கு அழுகை வந்துகொண்டிருந்தது, அதற்கு நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

"என்னங்க, உங்களுக்கு என் மேல சலிப்பே வராதா?"

"வந்துச்சு. மூணாவது மாசம் வந்துச்சு. ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிடுச்சு" என்றார் அவர், போர்வையை மடித்துக்கொண்டே.

காது டாக்டரிடமும் போகாமல் இல்லை. அவர் அழுக்கெடுத்தார், படம் எடுத்தார், ரத்தம் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளதைச் சொன்னார். "பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லம்மா. இந்த மாதிரி நிறைய பேருக்கு இருக்கு. ஆனா இந்தச் சத்தத்த அடியோட நிறுத்தற மருந்து இன்னைக்கு என்கிட்ட இல்ல."

"நாளைக்கு வருமா டாக்டர்?"

"ஆராய்ச்சி நடந்துக்கிட்டுதான் இருக்கு. வந்தா உங்களுக்குச் சொல்லாம விடுவேனா?" என்றவர், அதே ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்கிற பெண்ணிடம் ஒரு சீட்டு எழுதி அனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய ஒரு சின்ன அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் வெளிச் சத்தம் முழுக்க நின்றுபோயிற்று. அவ்வளவு அமைதியில் காதக்காவின் காது கொதிக்கிற குக்கர் மாதிரிச் சீறியது.

"அம்மா, நான் ஒவ்வொரு சத்தமா வைக்கிறேன். உங்க காதுக்குள்ள கேக்கறதும் நான் வைக்கறதும் ஒண்ணா இருந்தா கையத் தூக்குங்க" என்றாள் அந்தப் பெண். கீச்சென்று ஒன்று வைத்தாள், கொஞ்சம் தணித்து ஒன்று, ஏற்றி ஒன்று. காதக்கா இருபத்திரண்டு வருஷம் கேட்டே பழகியவள் ஆயிற்றே. "இதுக்கு ஒரு நூல் மேல. இல்ல, ரொம்பப் போயிட்ட கண்ணு, கீழ வா. ம், இதேதான்" என்றாள். இவ்வளவு துல்லியமாகச் சொன்னவர்கள் இதுவரை யாரும் இல்லை என்று அந்தப் பெண் மூக்கின்மேல் விரலை வைத்தாள்.

பிறகு, "இப்ப வேற ஒண்ணு வைக்கிறேன், சும்மா கேளுங்க" என்று ஒரு விசையைத் திருப்பினாள்.

காதில் மாட்டியிருந்த கருவியில் ஒரு சீறல் எழுந்தது. மெல்ல மெல்லக் கூடியது. அது கூடக்கூட, பதினொரு மாதமாக ஒரு நொடி விடாமல் ஓடிக்கொண்டிருந்த அந்த உள்சத்தம் கரைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் காணாமலே போய்விட்டது. காதக்கா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் கருவியின் சத்தத்தை நிறுத்தினாள். அப்போதும் உள்சத்தம் உடனே திரும்பவில்லை. அரை நிமிஷம், முழுசாக அரை நிமிஷம், ஒன்றுமே கேட்கவில்லை. தன் மூச்சு மூக்கில் போய் வருவது மட்டும் கேட்டது. காதக்கா ஓவென்று அழுதுவிட்டாள்.

அந்தப் பெண் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். "அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. இது குணமாயிட்டதா அர்த்தமில்ல. வெளியிலேருந்து தோதான சத்தம் வந்தா உள்ள இருக்கறது மறைஞ்சு நிக்கும். எல்லாருக்கும் இப்படி மறையாது, உங்களுக்கு நல்லாவே மறையுது. சில சமயம் இந்த மாதிரி கொஞ்ச நேரம் நின்னுட்டும் வரும்" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அது திரும்பி வந்துவிட்டது.

காதக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கண்ணு, நீ வச்ச சத்தம் என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"அது எல்லாச் சுருதியும் கலந்த ஒரு இரைச்சல்மா. டிவியில சேனல் வரலைன்னா வருமே, அது மாதிரி."

"டிவியாவது ஒண்ணாவது! அஞ்சடிக்குக் கீழ உடைஞ்ச குழாயிலேருந்து தண்ணி சீறுற சத்தம் அது. இத எத்தன வருஷம் கேட்டிருக்கேன்! இருபத்திரண்டு வருஷம் இதத்தான் தேடிக்கிட்டுத் தெருத்தெருவா அலைஞ்சேன்."

மனசுக்குள் ஏதோ சட்டென்று பொருந்தியது. தார் ரோட்டில் அவள் செய்த தப்பு இப்போது விளங்கியது. அன்று கம்பியை எங்கே வைத்தாலும் சீறல் ஒரே அளவில் கேட்டது. உடைப்பு ஒருபோதும் அப்படிக் கேட்காது. பக்கத்தில் போனால் ஏறும், தள்ளிப் போனால் இறங்கும். எங்கே போனாலும் மாறாமல் கூடவே வருவது அவளுடையது. சரி, அப்படியென்றால் நிஜமான உடைப்பின் தலைக்கு மேலே போய் நின்றால் என்ன ஆகும்? இப்போது இந்த அறையில் என்ன ஆயிற்றோ அதுதானே ஆக வேண்டும்? உள்ளே இருப்பது வாயை மூட வேண்டும்.

"நான் வர்றேன் கண்ணு, எனக்கு ஒரு வேலை இருக்கு" என்று செருப்பைத் தப்பும் தவறுமாக மாட்டிக்கொண்டு ஓடினாள்.

நேராக மேஸ்திரியிடம் போய் நின்றாள். கம்பி அவருடைய சாமான் அறையில் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. "அண்ணே, கொஞ்ச நாளைக்குக் கம்பி எனக்கு வேணும். யாருக்கும் தெரிய வேணாம்" என்றாள். மேஸ்திரி அந்த அறையின் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

கவுண்டரில் உட்கார்ந்ததில் ஒரு லாபம் இருந்தது. எந்தத் தெருவில் கசிவு என்று ஊருக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும். ஒரு மாதம், தினமும் விடிகாலையில், வேலைக்குப் போவதற்கு முன் அவளும் கணவரும் கிளம்பினார்கள். கணவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு காவலுக்கு வருவார். புகார் வந்த தெருவில் கம்பியை ஊன்றி, கிண்ணத்தில் காதை வைப்பாள். முன்பெல்லாம் சத்தம் எங்கே கேட்கிறது என்று தேடியவள், இப்போது தன் சத்தம் எங்கே நிற்கிறது என்று தேடினாள். நிற்கிற இடத்தை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். பிறகு ஆட்கள் புதிதாக வந்த மெஷினை வைத்துப் பார்த்துத் தோண்டிய இடத்தை அதோடு ஒத்துப் பார்ப்பாள். பதினொரு கசிவு, பதினொன்றும் சரியாக இருந்தது. கணவர் இஸ்திரிக் கடையில் வாயை அடக்க முடியாமல் தவித்துப்போனார். அவர் வாழ்க்கையிலேயே சட்டைக்காரர்களிடம் சொல்லாமல் காப்பாற்றிய ரகசியம் அது ஒன்றுதான்.

ஆனால் நோட்டைக் கொண்டுபோய் இன்ஜினியரிடம் காட்ட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. தோண்டின பிறகு எழுதினதுதானே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்? அந்தப் புதுத் தார் ரோட்டை ஊர் இன்னும் மறக்கவில்லை. வண்டிக்காரர்கள் அந்த ஒட்டுப்போட்ட இடத்துக்குக் காதக்கா மேடு என்று பெயரே வைத்திருந்தார்கள்.

இந்த லட்சணத்தில்தான் மேட்டுப் பகுதிக்குத் தண்ணீர் நின்றுபோயிற்று.

மேட்டுப் பகுதியில் எண்ணூறு வீடுகளும் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றும் உண்டு. கீழே நீரேற்று நிலையத்திலிருந்து தண்ணீர் கிளம்புகிறது, மேலே தொட்டிக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் எங்கோ போகிறது. ரோட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இன்ஜினியர் மெஷினை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு வால்வில் இரண்டு கருவியை ஒட்டி, நடுவில் எத்தனை அடி நீளக் குழாய் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொன்னால், உடைப்பு எத்தனையாவது அடியில் என்று மெஷின் சொல்லிவிடும். நல்ல மெஷின்தான். அது சொன்ன இடத்தில் தோண்டினார்கள், காய்ந்த மண். கணக்கைத் திருத்தி இன்னொரு குழி, அதுவும் காய்ந்த மண். மூன்றாவது நாள் மூன்றாவது குழி. அதில் ஒரு பழைய செருப்பு கிடைத்தது.

கவுண்டரில் போன் ஓயவில்லை. நாலாம் நாள் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பேசினார். லாரித் தண்ணீர் போதவில்லை, இன்று மாலைக்குள் வராவிட்டால் பிரசவத்துக்கு வருகிறவர்களை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். கத்தவில்லை, தாழ்ந்த குரலில் கெஞ்சினார். அதுதான் காதக்காவை எழுப்பியது. போனை வைத்தாள், எழுந்தாள், இன்ஜினியர் அறைக்குள் அனுமதி கேட்காமல் போனாள்.

"சார், நாளைக்கு விடிகாலையில நான் கேக்கறேன். நான் காட்டற இடத்துல ஒரு குழி வெட்டுங்க."

இன்ஜினியர் மூன்று நாளாகத் தூங்காத முகத்தோடு நிமிர்ந்தார். "காது சரியாயிடுச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

அவள் நர்ஸ் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டையும் எடுத்து வைத்தாள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நல்லவேளை, தாள்.

"இத எப்படி நம்பறது? நாலாவது குழியும் காஞ்சு போச்சுன்னா ஊர் என்னைத் தின்னுடும்."

"நாலாவது குழி என்னோடது சார். அது காஞ்சு போச்சுன்னா, இனிமே கம்பியத் தொட மாட்டேன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ரிட்டயர் ஆகற வரைக்கும் போன எடுத்துக்கிட்டு மூலையில கிடக்கறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். இன்ஜினியர் நோட்டை மூடி வைத்தார். "நாளைக்கு வேணாம். இன்னைக்கே பாருங்க. அந்த ரோட்டுல வண்டிய நிறுத்தச் சொல்றேன்" என்றார். ஆஸ்பத்திரிக்குச் சாயங்காலம் வரைதான் கெடு என்பதை அவர் மறக்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு ரோட்டின் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்தார்கள். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? வேடிக்கை பார்க்கத் திரண்டுவிட்டார்கள். "காதக்கா மேடு ரெண்டாவதும் வரப்போகுது டோய்!" என்று ஒருவன் கத்தினான். மேஸ்திரி கடப்பாரையைத் தரையில் ஒரு குத்துக் குத்தி, "யார்றா அது? வாயத் தொறந்தா குழிக்குள்ள உன்னை வச்சு மூடிடுவேன்" என்றார். அதற்குப் பிறகு ஒரு சத்தம் இல்லை.

காதக்கா முதல் வால்வில் கம்பியை ஊன்றினாள். தண்ணீர் லேசாகச் சீறியது, அவள் காதும் சீறியது. வால்வைத் தாண்டி ரோட்டோடு ஐம்பது அடி போய்க் கேட்டாள். தண்ணீர்ச் சத்தம் குறைந்தது. அவளுடையது அப்படியே இருந்தது. இன்னும் போனாள். தண்ணீர்ச் சத்தமே இல்லை. மூன்று காய்ந்த குழிகளின் பக்கத்திலும் கேட்டாள், காதுக்குள் இருப்பது மட்டும் விடாமல் கத்தியது. அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. தண்ணீர் ரோட்டை விட்டுவிட்டு எங்கே போயிற்று?

திரும்பி வந்தாள். ரோட்டை விட்டு இறங்கி, பக்கத்திலிருந்த தபால் ஆபீஸ் காம்பவுண்டுக்குள் நுழைந்தாள்.

"அங்க எதுக்கு? வரைபடத்துல அந்தப் பக்கம் குழாயே இல்லையே!" என்று இன்ஜினியர் பின்னாலேயே வந்தார்.

"குழாய்க்கு வரைபடம் படிக்கத் தெரியாது சார்."

கம்பியை ஊன்றினாள். தண்ணீர்ச் சத்தம் மறுபடி வந்தது. பத்தடி தள்ளி ஊன்றினாள், ஏறியது. கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அங்கே தபால்காரர்கள் சைக்கிள் விடுகிற சிமெண்டுத் தரை. ஒரு சிவப்பு சைக்கிளை நகர்த்திவிட்டுக் கம்பியை ஊன்றி, கிண்ணத்தில் காதை வைத்து, கண்ணை மூடினாள்.

உள்ளே இருந்தது நின்றுபோயிற்று.

அவள் இரண்டடி இடது பக்கம் நகர்ந்து கேட்டாள், அது லேசாகத் தலைகாட்டியது. திரும்ப வந்து அதே இடத்தில் வைத்தாள், அடங்கியது. மடியிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்தாள். சிமெண்டின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"எங்க என் காது வாய மூடுதோ அங்க தோண்டுங்கண்ணே" என்றாள்.

சிமெண்டை உடைத்தார்கள். இரண்டடி, மூன்றடி, காய்ந்த மண். நாலடி, காய்ந்த மண். போஸ்ட் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு ஏறியது. கணவர் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றார், கையில் யாருடைய சட்டையோ இருந்தது. ஐந்தடிக்கும் மண் காய்ந்துதான் இருந்தது. மேஸ்திரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

காதக்கா குழிக்குள் இறங்கினாள். கம்பியை ஊன்றிக் கேட்டாள். அந்த மெத்தை ஒட்டிய அறையில் கேட்ட அதே சத்தம்தான், அவளுடையது எங்கோ ஒளிந்துகொண்டது. "இன்னும் ஒரு அடி. சந்தேகமே இல்ல. வெட்டுங்கண்ணே" என்று மேலே ஏறினாள்.

மேஸ்திரி தானே இறங்கிக் கடப்பாரையை ஓங்கிப் போட்டார். நாலாவது குத்தில் மண் சதசதவென்றது. ஆறாவது குத்தில் உள்ளிருந்து தண்ணீர் பீச்சியடித்து அவரைத் தலையோடு காலாக நனைத்தது. "தங்கச்சீ!" என்று அவர் போட்ட கூச்சல் ரோட்டு முனை வரை கேட்டது. பழைய குழாய், தபால் ஆபீஸ் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. அடியில் மழைத்தண்ணீர் வாய்க்கால் ஒன்று இருந்தது. உடைப்பில் வெளியேறின தண்ணீரெல்லாம் நாலு நாளாக அதற்குள் இறங்கி ஓடியிருக்கிறது, அப்புறம் ரோட்டில் ஈரம் எப்படித் தெரியும்? மெஷின் பொய் சொல்லவில்லை. வரைபடம் வரைந்தவர் கட்டடத்தைச் சுற்றி வரைய அலுத்துக்கொண்டு நேராக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தார்.

ஜனங்கள் கை தட்டினார்கள். கத்தின அதே ஆள் விசிலடித்தான். கணவர் அந்தச் சட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டை, போயே போச்சு. இன்ஜினியர் குழியை எட்டிப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "கவுண்டருக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்" என்றார். பிறகு, கொஞ்சம் அசடு வழிய, "இந்த வரைபடத்த முழுசா உங்கள வச்சுத் திருத்தணும். வருவீங்களா?" என்றார்.

"வராம? நாளைக்கே வர்றேன் சார்" என்றாள் காதக்கா.

குழாயைச் சரி செய்ய வால்வை மூட வேண்டும். ஒருவன் அதைத் திருப்புகிற சாவியோடு ஓடினான். "நில்லுப்பா, நான் மூடறேன்" என்று அவள் அதை வாங்கிக்கொண்டாள். குழியின் விளிம்பில் நின்றாள். அரை ஆள் உயரத்துக்குத் தண்ணீர் எழும்பி இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் ஒரு வருஷமாக அவளைப் படுத்தின சீறல் மருந்துக்கும் இல்லை. வால்வை மூடினால் அது திரும்பி வரும் என்று அவளுக்குத் தெரியும். மேஸ்திரிக்கும் தெரியும். "கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டு மூடேன் தங்கச்சி, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

"அங்க பிள்ளை பெத்துக்கக் காத்துக்கிட்டு இருக்காங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, ரோட்டோரத்து வால்வுக்குப் போனாள். இரண்டு கையாலும் சாவியைத் திருப்பினாள். இரைச்சல் தணிந்தது, தணிந்து நின்றது. கொஞ்ச நேரம் ஊரே அமைதியாக இருந்த மாதிரி இருந்தது. அவள் அந்த அமைதியில் காத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அது வந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு நர்ஸ் போன் செய்து, ஆஸ்பத்திரிக் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தைக் கேட்கச் சொல்லி ரிசீவரைக் குழாயடியில் பிடித்தாராம். கவுண்டரில் அதைக் கேட்கக் காதக்கா இல்லை.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை தவறாமல் அந்த மெத்தை அறைக்கு அவள் இன்னும் போகிறாள். புது மருந்து வந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்கிறாள், "இன்னும் இல்லம்மா" என்கிறார். "வரட்டும், முதல் ஊசி எனக்குத்தான். ஆனா டாக்டர், போடறதுக்கு முன்னாடி ஒரு வாரம் டைம் குடுங்க. மேட்டுப் பகுதி வரைபடம் இன்னும் பாக்கி இருக்கு, அத இந்தச் சத்தத்த வச்சுத்தான் திருத்தறேன்" என்கிறாள். வெளியே கணவர் சைக்கிளோடு காத்திருக்கிறார். பின்னால் கேரியரில் கம்பி கட்டியிருக்கிறது.